எந்தப் பத்திரம்?

கே: பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு சென்ட் வாங்கினேன். 100 ரூபாய் பத்திரத்தில் எழுதி, நோட்டரி சீலும் வாங்கியாச்சு. பட்டா மாற்ற முடியாது என்கிறார்களே?

ப: உங்களிடம் இருப்பது முத்திரைத்தாள், கிரயப் பத்திரம் அல்ல. வெண்டரிடம் வாங்கும் தாளும் நமக்குப் பத்திரம், பதிவான ஆவணமும் பத்திரம். இந்தக் குழப்பத்தில் எத்தனை பேர் மனையை இழந்திருக்கிறார்கள்! 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள மனையின் கிரயம் பதிவாகியே தீர வேண்டும் என்று 1908-இலேயே பதிவுச் சட்டம் வந்துவிட்டது. நோட்டரி சீல் கையெழுத்துக்குத்தான் சாட்சி. அதனால் மனை கை மாறாது. விற்றவர் மனசு மாறுவதற்குள் புதிதாகக் கிரயம் எழுதுங்கள். வழிகாட்டி மதிப்பு (அரசு குறித்த விலை), பேசிய விலை, எது அதிகமோ அதன் மேல் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. (இந்த 9 சதவீதத்தை மிச்சம் பிடிக்கத்தானே தாளோடு நிறுத்தினீர்கள்?) கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் சார்பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். விற்பவரின் மூலப்பத்திரம் ஒரிஜினலாகவே வரட்டும்.

கே: ஆறு மாதம் தாண்டிய முத்திரைத்தாள் செல்லுமா?

ப: செல்லும். 2008-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆறு மாதக் கெடு, எழுதாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கு.

கே: தங்கப் பத்திரம் எங்கே கிடைக்கும்?

ப: 2024 பிப்ரவரியோடு அரசின் புது வெளியீடு நின்றுபோனது. டீமேட் கணக்கு இருந்தால் பங்குச் சந்தையில் பழையதை வாங்கலாம். 2.5% வட்டி, முதலில் வெளியிட்ட விலைக்குத்தான். நீங்கள் இன்று கொடுக்கும் விலைக்கு அல்ல.

கே: 'செக்யூர்டு' கடன் பத்திரம், 11% வட்டி. பேங்க் டெபாசிட் மாதிரி பத்திரமானதுதானே?

ப: இல்லை. ஏடு என்ற பொருளில் வரும் 'பத்ர' வேறு, நலம் என்ற பொருளில் வரும் 'பத்ர' வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பேங்க் டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, இதற்குக் கிடையாது. 'செக்யூர்டு' என்றால், கம்பெனி முழுகினால் பிணைச் சொத்தை விற்ற காசில் உங்களுக்கு முன்வரிசை. அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன், மெதுவாகத்தான் நகரும்.

கே: டெபாசிட் என்று சொல்லி, பேங்கில் அம்மா தலையில் 50,000 ரூபாய் பாலிசியைக் கட்டிவிட்டார்கள். பாண்டு வந்து 12 நாள் ஆகிறது.

ப: அம்மாவைத் திட்டாதீர்கள், நாள் இருக்கிறது. பாண்டு கையில் கிடைத்து 30 நாளுக்குள் ரத்து செய்யலாம். கிளையில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கே எழுதி, பாண்டையும் கேன்சல் செய்த காசோலையையும் இணைத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். முத்திரைச் செலவு, மருத்துவப் பரிசோதனைச் செலவு, கழிந்த நாளுக்கான காப்பீட்டுக் கட்டணம் போக மீதி வரும். இழுத்தடித்தால் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போங்கள்.

கே: பத்திர ஜெராக்ஸைப் பார்த்து இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். ஒரிஜினல் அடகில் இருக்கிறதாம்.

ப: ஜெராக்ஸுக்கு இரண்டு லட்சமா? இனி ஒரு ரூபாய் தராதீர்கள். பாக்கிக் கடன் எவ்வளவு என்று அடகு பிடித்தவரிடமிருந்தே எழுத்தில் வரட்டும்.