பத்து மணி அப்பாயின்ட்மென்ட், காலண்டரில் மூன்றரை மணி

கேள்வி: அம்மாவின் கண் பரிசோதனைக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் ஆன்லைனில் 500 ரூபாய் கட்டி, காலை 10 மணிக்குப் பதிவு செய்தேன். மின்னஞ்சலில் வந்த காலண்டர் ஃபைலை அழுத்தியதும் அது போனில் தானாகச் சேர்ந்துகொண்டது. ஆனால் பிற்பகல் 3.30 என்று காட்டியிருக்கிறது. அதை நம்பி அம்மாவை மூன்று மணிக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனால், “உங்கள் டோக்கன் காலையிலேயே போய்விட்டது, பணம் திரும்பக் கிடைக்காது” என்கிறார்கள். போன் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. கடைக்காரர் சர்வீஸுக்குக் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம். உங்கள் போனில் ஒரு குறையும் இல்லை. வயதான அம்மாவை அலைக்கழித்தது மருத்துவமனையின் பதிவு மென்பொருள்தான்.

நேரம் தப்பாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை மணி நேரம் தப்பு என்பதை. உங்களுக்கு பத்து மணி மூன்றரையாகியிருக்கிறது. சரியாக ஐந்தரை மணி நேரம் கூடுதல். இந்திய நேரம் உலகப் பொது நேரமான யூ.டி.சி.யைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. ஆகவே இந்திய நேரத்தை யாரோ யூ.டி.சி. என்று எழுதிவிட்டார்கள் என்று அந்த வித்தியாசமே சொல்லிவிடுகிறது.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தேன். யாரும் பார்க்கலாம், அது வெறும் எழுத்துதான். ‘டிடிஸ்டார்ட்’ என்று தொடங்கும் வரியில் முதலில் தேதி, பிறகு ‘டி’ என்ற எழுத்து, பிறகு 100000, கடைசியில் ‘இஸட்’ என்று இருக்கிறது. 100000 என்றால் பத்து மணி, பூஜ்யம் நிமிடம், பூஜ்யம் நொடி. அந்த இஸட்தான் ‘இது யூ.டி.சி. நேரம்’ என்பதற்கு அடையாளம். உங்கள் போன் சொன்னபடி கேட்டு, ஐந்தரை மணியைக் கூட்டி 3.30 என்று காட்டியிருக்கிறது. ஒன்று, மருத்துவமனை 043000 என்று எழுதி இஸட் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் 100000 என்றே எழுதி, இஸட்டை எடுத்துவிட்டு, ‘ஏசியா/கொல்கத்தா’ என்று நேர மண்டலத்தின் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும்.

அந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள். காலண்டரில் 3.30 என்று காட்டும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இரண்டையும் வைத்து மருத்துவமனைக்கு எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து, பணத்தைத் திருப்பித் தரவோ அதே கட்டணத்தில் வேறொரு நாள் தரவோ கேளுங்கள். “மின்னஞ்சலில் பத்து மணி என்றுதானே எழுதியிருந்தோம்” என்று அவர்கள் சொல்லக்கூடும். அந்த ஃபைலையும் அவர்கள்தானே அனுப்பினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். 500 ரூபாய்தானே என்று விட்டுவிட வேண்டாம். நீங்கள் சொல்லும்வரை அந்தப் பிழை அங்கேயே இருக்கும், அடுத்த வாரம் இன்னொரு அம்மா மூன்று மணிக்குப் போய் நிற்பார்.

கேள்வி: சென்னையில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். நியூஜெர்சியில் நான்கு பிள்ளைகள். நமக்குச் சனிக்கிழமை காலை 6.30, அவர்களுக்கு வெள்ளி இரவு 9 மணி. கூகுள் காலண்டரில் வாராவாரம் வரும்படி போட்டு அழைப்பும் அனுப்பியிருந்தேன். நவம்பர் பிறந்ததும் பெற்றோர் எல்லோரும் “வகுப்பு எட்டு மணிக்கு மாறிவிட்டதே” என்கிறார்கள். நான் எதையும் தொடவில்லை. காசு கொடுத்து வேறு மென்பொருள் வாங்கினால் சரியாகுமா?
– வாசகி, சென்னை

பதில்: எதை வாங்கினாலும் இதேதான் நடக்கும். காலண்டர் சரியாகத்தான் இருக்கிறது.

ஒரு மணி நேர வித்தியாசம் என்றாலே கோடைக்கால நேரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்து, நவம்பரின் முதல் ஞாயிறு பழையபடி திருப்புகிறார்கள். 2007 முதல் இதுதான் கணக்கு. நியூஜெர்சிக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. நம் கடிகாரம் அசையவே அசையாது. அதனால் காலை 6.30 என்பதை நீங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால், அவர்கள் பக்கம் ஒன்பது எட்டாகிவிடும்.

அப்படியானால் யாருடைய நேரம் நிலையாக நிற்க வேண்டும்? இதை நீங்களும் பெற்றோரும்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், பிள்ளைகள் இரவு ஒன்பது வரை விழித்திருப்பதைவிட எட்டு மணி நல்லது, இப்படியே விட்டுவிடலாம். ஒன்பதுதான் வேண்டும் என்று அவர்கள் சொன்னால், அந்த வகுப்பைத் திறந்து நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டைம் ஸோனில் இந்தியாவை எடுத்துவிட்டு, அமெரிக்கக் கிழக்கு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நேரத்தை இரவு 9 என்றும் கிழமையை வெள்ளி என்றும் மாற்றி, ‘இனி வரும் எல்லாவற்றுக்கும்’ என்று சேமியுங்கள். அதற்குப் பிறகு குளிர்காலத்தில் உங்களுக்குக் காலை 7.30, கோடையில் 6.30. மாறுவது உங்கள் பக்கமாக இருக்கும்.

லண்டனிலும் மாணவர் இருந்தால் கவனம் தேவை. அங்கே மாறுவது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். சிங்கப்பூர், துபாய் பிள்ளைகளால் இந்தத் தொந்தரவே கிடையாது. அங்கே கடிகாரத்தை மாற்றுவதில்லை.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறது. ஆனால் அவுட்லுக்கில் காலை 10 மணிக்குப் போட்ட சந்திப்பு, போனில் இரவு 10.30 என்று வருகிறது. மாற்றித் தரச் சொல்லலாமா?
– வாசகர், கோவை

பதில்: அவசரப்பட வேண்டாம். பன்னிரண்டரை மணி தள்ளிப் போகிறது என்றால், லேப்டாப் இன்னும் கலிஃபோர்னியாவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. விற்றவர் டைம் ஸோனை மாற்றாமல் முள்ளை மட்டும் கையால் நகர்த்தி வைத்திருப்பார். பார்ப்பதற்குச் சரியாக இருக்கும், உள்ளே எல்லாம் தப்பு.

விண்டோஸ் செட்டிங்ஸில் தேதி, நேரம் பக்கத்துக்குப் போங்கள். டைம் ஸோன் பட்டியலில் ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி’ என்று நம் ஊர்ப் பெயரோடு ஒரு வரி இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். நேரத்தைத் தானாக அமைக்கும் பொத்தானையும் போட்டுவிடுங்கள். கடிகாரத்தை இனி கையால் தொடவே கூடாது.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. இதுவரை அந்த லேப்டாப்பில் போட்ட சந்திப்புகள் எல்லாம் கலிஃபோர்னியா நேரத்தில் பதிவானவை. டைம் ஸோனைத் திருத்தியதும் அவை லேப்டாப்பிலும் இரவு 10.30 என்று காட்டும். பயந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றாகத் திறந்து சரியான நேரத்தைப் போடுங்கள். ஆனால் மற்றவர்கள் உங்களுக்கு அனுப்பிய அழைப்புகளைத் தொடாதீர்கள், அவை இனி சரியான நேரத்தைத்தான் காட்டும்.