24 வோல்ட்டில் வைக்கச் சொன்ன கடைக்காரர் நஷ்ட ஈடு தர வேண்டுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கும் நான், எண்ணூர் விரைவு சாலை, மணலிப் பக்கத்துச் சரக்குப் பெட்டக முனையங்களுக்குக் காரில் சென்று, சரக்கைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயர் வேலையைத் தனியாளாகச் செய்கிறேன். பாரிமுனைக் கடை ஒன்றில் என் லேப்டாப்பையும் அதன் அடாப்டரையும் (19.5 வோல்ட், 3.34 ஆம்பியர்) காட்டி, 1,800 ரூபாய்க்குக் கார் சார்ஜர் வாங்கினேன். பில் தரவில்லை, பணத்தை யு.பி.ஐ. மூலம் செலுத்தினேன். சார்ஜரில் 15 முதல் 24 வோல்ட் வரை மாற்றும் சிறு ஸ்விட்ச் உள்ளது. 19இல் மெதுவாக ஏறுகிறது என்று வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, "24ல வைங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று குரல் பதிவு அனுப்பினார். அப்படி வைத்த மறுநாளே லேப்டாப் அணைந்துவிட்டது. வெளி சார்ஜரால் மதர்போர்டு பழுதாகிவிட்டது, வாரண்டி கிடையாது, 24,500 ரூபாய் ஆகும் என்று சர்வீஸ் சென்டரில் எழுதித் தந்துள்ளனர். தவறாகப் பயன்படுத்தியது நீங்கள்தான் என்கிறார் கடைக்காரர். யார் மீது வழக்குத் தொடுப்பது? இனி எதை வாங்குவது?

பதில்: பில் இல்லையே என்று நீங்கள் கவலைப்படுவது தெரிகிறது. ஆனால் உங்கள் வழக்கின் உயிர் பில்லில் இல்லை, அந்தக் குரல் பதிவில் இருக்கிறது. வாங்கியதற்கு யு.பி.ஐ. பதிவே போதிய சான்று. பில் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருப்பதால், அதையும் புகாரில் ஒரு குறையாகவே எழுதலாம்.

கடைக்காரர் சொன்னது எவ்வளவு பிழை என்பதை, புகாரை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கு எளிதாக விளக்க முடியும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை. லேப்டாப் தனக்கு வேண்டிய அளவை மட்டுமே இழுத்துக்கொள்ளும். வோல்ட் அப்படியன்று, 19.5 கேட்கும் கருவிக்குள் 24ஐச் செலுத்தினால், அதைத் தாங்கும்படி அமையாத உள்ளீட்டுச் சுற்று எரிந்துபோகலாம். மெதுவாக ஏறியதற்கும் வோல்ட் காரணமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. சார்ஜரின் வாட் திறன் போதாமல் இருந்திருக்கலாம். அல்லது, சில நிறுவனங்களின் லேப்டாப்கள் பிளக்கின் நடுவிலுள்ள மெல்லிய ஊசி வழியாக அடாப்டரை அடையாளம் காண்பவை என்பதால், அந்த அடையாளம் கிடைக்காமல் வேகத்தைக் குறைத்திருக்கலாம்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எழுப்பப்போகும் ஆட்சேபம், நீங்கள் தொழிலுக்காக வாங்கியதால் நுகர்வோரே அல்ல என்பதாக இருக்கும். சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் அடங்காது என்று நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 2(7)இன் விளக்கம் கூறுகிறது. ஆகவே, ஆள் வைக்காமல் தனியாளாகத் தொழில் செய்கிறீர்கள் என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது கடைக்காரரின் பொறுப்பு. வாங்குபவர் தம் தேவையைச் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கும்போது, பொருள் அத்தேவைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சுமத்துகிறது. நீங்கள் அடாப்டரையே மேசைமேல் வைத்துக் காட்டியிருக்கிறீர்கள். சார்ஜரின் அட்டைப்பெட்டியையும் எடுத்துப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயரோ முகவரியோ அதில் இல்லையென்றால், தயாரிப்பாளர் யாரென்று தெரியாத பொருளை விற்றவரே அதனால் விளைந்த சேதத்துக்குப் பொறுப்பு என்னும் நுகர்வோர் சட்டத்தின் 86ஆம் பிரிவும் துணைக்கு வரும்.

தவறாகப் பயன்படுத்தினால் விற்றவர் மீது பொருள் பொறுப்பு நடவடிக்கை (பொருளால் விளைந்த சேதத்துக்கு ஈடு கேட்கும் வழக்கு) கிடையாது என்று 87ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். கடைக்காரர் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். ஆனால் விற்றவர் சொன்னபடியே வைத்தது எப்படித் தவறான பயன்பாடாகும் என்று நாம் கேட்க முடிவது, அந்தச் சில விநாடிக் குரலால்தான். எனவே அந்த உரையாடலை அழிக்காதீர்கள், வழக்கு முடியும்வரை கைபேசியை மாற்றாதீர்கள். பதிவைத் தாக்கல் செய்யும்போது மின்னணுப் பதிவைச் சான்றாக ஏற்கத் தேவையான, பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். சார்ஜரை 24இல் நிற்கும் ஸ்விட்சோடு படமெடுத்து, அப்படியே ஓர் உறையில் போட்டு ஒட்டி வையுங்கள். கருகிய நாற்றம் அடிக்கிறதென்று சார்ஜரைக் குப்பையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வரும் கட்சிக்காரர்கள் எனக்குப் புதிதல்ல. தேவைப்பட்டால் ஆணையம் அதை நுகர்வோர் சட்டத்தின் 38ஆம் பிரிவின்கீழ் ஆய்வகத்துக்கு அனுப்பும். கட்டணத்தை உங்களையே கட்டச் சொல்லலாம். அவசரத்துக்கு லேப்டாப்பைப் பழுது பார்த்தாலும், பழைய போர்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

லேப்டாப் நிறுவனத்தை எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது வீண் என்பது என் கருத்து. அவர்கள் எழுதித் தந்த காரணமே கடைக்காரருக்கு எதிரான உங்கள் சான்று. அதே காகிதத்தை ஒரு பக்கம் நம்பியும் மறுபக்கம் மறுத்தும் வாதாட முடியாது.

பழுதுச் செலவு, சார்ஜரின் விலை, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். வேலை போன நாட்களின் வருமானத்தைப் பொருள் பொறுப்பின்கீழ் கேட்க வழியில்லை; வணிக, பொருளாதார இழப்பு நுகர்வோர் சட்டத்தின் 'தீங்கு' என்ற சொல்லில் அடங்காது.

15 நாள் அவகாசம் தந்து விரைவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யலாம். நீங்கள் வசிக்கும் இடத்தை வைத்தே அங்கு செல்ல உரிமை உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். அதற்கு முன்பே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால் சிலர் வழிக்கு வருவதுண்டு.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வாரண்டியைக் காப்பாற்றிக்கொள்ள, உங்கள் லேப்டாப் நிறுவனமே உங்கள் மாடலுக்கென விற்கும் கார் அடாப்டர் கிடைத்தால் அதை வாங்குங்கள். இல்லையென்றால் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும் 150 வாட் இன்வர்ட்டர் ஒன்றை வாங்கி, லேப்டாப்போடு வந்த அடாப்டரையே அதில் செருகலாம். 65 வாட் அடாப்டர் காரின் சாக்கெட்டிலிருந்து ஏறத்தாழ 6 அல்லது 7 ஆம்பியர்தான் இழுக்கும் என்பதால், 10 ஆம்பியர் ஃபியூஸ் தாங்கும். வீட்டுக்கென வேறு அடாப்டர் வாங்க நேர்ந்தால், அதன் மேலுள்ள 'ஆர்' எண்ணை (தரப் பதிவு எண்) இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபாருங்கள். எதை வாங்கினாலும் பில் கேளுங்கள். அந்தப் பில்லிலேயே உங்கள் லேப்டாப்பின் மாடல் எண்ணையும் கடைக்காரர் கையால் எழுதி வாங்கிவிட்டால், எந்தத் தேவைக்காக வாங்கினீர்கள் என்பதை மெய்ப்பிக்க இன்னொரு குரல் பதிவைத் தேட வேண்டியிராது.