புது லாரியில் பேட்டரி இறங்கினால் எர்த்தைப் பாருங்கள்
அண்ணா, மூன்று மாத லாரி காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை, டேஷ்போர்டு விளக்குகள் கண்டபடி எரிகின்றன, சர்வீஸ் சென்டரில் சார்ஜ் மட்டும் போட்டு அனுப்புகிறார்கள் என்கிறீர்கள். எர்த்தை, அதாவது பேட்டரி நெகட்டிவை சேஸிஸோடு (வண்டியின் இரும்பு அடிச்சட்டம்) சேர்க்கும் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். சேஸிஸில் எர்த் ஒயர் உட்காரும் இடத்தில் பெயின்ட் இருந்தாலோ நட் லூசாக இருந்தாலோ இதே தொல்லைதான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் சேஸிஸுக்கும் நடுவே மல்டிமீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

அப்புறம், வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் எழுதும் ஜாப் கார்டில் உங்கள் புகார் சொன்னபடியே ஏறியதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று எழுத விடவே கூடாது. ஒயரிங்கை வெளி ஆள் தொட்டிருந்தால் வாரண்டியை மறுக்க அதுவே சாக்காகிவிடும்.

சொந்தப் பிழைப்புக்கு நீங்களே ஓட்டும் வண்டி என்றால் நுகர்வோர் சட்டம் உங்களுக்கும் உண்டு. இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள்.