விவிலியத்தில் வரும் ‘இரட்சணியக் கொம்பு’ என்றால் என்ன?

எதிரியை வீழ்த்தி மீட்கும் கடவுளின் வல்லமையைத்தான் ‘இரட்சணியக் கொம்பு’ என்கிறது விவிலியம். சங்கீதம் 18:2, லூக்கா 1:69 இரண்டிலும் இது வருகிறது.

ஏன் கொம்பு? பழைய இஸ்ரவேலர் ஆடுமாடு மேய்த்து வாழ்ந்தவர்கள். மாட்டின் பலம் முழுவதும் கொம்பு நுனியில் வந்து நிற்பதை அன்றாடம் பார்த்தவர்கள். கொம்பு ஒடிந்தால் மாடு தோற்றது. சங்கீதம் 18:2-இல் கடவுளுக்குச் சொல்லப்படும் கன்மலை (பாறை), கோட்டை, கேடகம் எல்லாம் தற்காப்பு. பாய்ந்து தாக்குவது கொம்பு ஒன்றுதான். இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை.

“அவனுக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?” என்று நாம் கேட்பதும் இதே வழக்குதான், நம்மிடம் அது கிண்டல். சங்கீதம் 75-இலும் துன்மார்க்கர் கொம்பை உயர்த்துவது அகந்தையே. தானியேல் 7-இல் பத்துக் கொம்புகள் பத்து ராஜாக்கள். வெளிப்படுத்தல் 5:6-இல் ஆட்டுக்குட்டிக்கு, அதாவது இயேசுவுக்கு, ஏழு கொம்புகள்: நிறைவான வல்லமை.

லூக்காவில் இதைப் பாடுபவர் சகரியா என்பதால், கொம்பு அவர் மகன் யோவான் ஸ்நானகன் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல: யோவான் ஆசாரியக் (குருக்கள்) குடும்பம், கொம்போ தாவீது ராஜாவின் வழியில், ‘தாவீதின் வம்சத்திலே’, அதாவது இயேசு. யோவானைப் பற்றிய பேச்சு 76-ஆம் வசனத்தில்தான் தொடங்குகிறது.