வறண்ட மண்ணில் மிளகாய்: முதலில் ஈரம், அப்புறம் உயிர் உரம்

கேள்வி: வறண்ட செம்மண்ணில் மிளகாய் நட்டு 40 நாள் ஆகிறது. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா இரண்டும் தூவினேன். செடி ஒரு சாண் உயரத்திலேயே நிற்கிறது, பூவும் உதிர்கிறது. இன்னும் நாலு பாக்கெட் போடலாமா, மூடாக்கு போடலாமா?

பதில்: பாக்கெட் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள், முதலில் மூடாக்கு, அதாவது மண்மேல் வைக்கோல், சருகு பரப்புவது. நீங்கள் தூவிய இரண்டும் உயிர் உரம், அதாவது உயிருள்ள பாக்டீரியா. காய்ந்த மண்மேல் வெயில் நேரத்தில் தூவினால் பெரும்பகுதி செத்துப்போகும். இதைச் சொல்லித்தராமல் பாக்கெட்டை மட்டும் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அதுவும் பல சமயம் நடவு முடிந்த பிறகுதான் வந்து சேருகிறது. வருடா வருடம் இதே கதை.

ஒரு சாண் ஆழம் நனையும்படி தண்ணீர் விட்டு, வைக்கோலோ காய்ந்த சருகோ 2, 3 அங்குலம் பரப்புங்கள். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடாவிட்டால் தண்டு அழுகும். காய்ந்த மண்ணை அப்படியே மூடாதீர்கள். லேசான மழையை வைக்கோலே குடித்துவிடும், வேருக்கு ஒன்றும் போகாது. ஒரு வாரம் கழித்து உச்சி வெயிலில் மூடாக்கை விலக்கி விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். மண் குளுகுளுவென்று இருந்து விரலில் ஒட்டினால், உயிர் உரம் பிழைக்க இடம் தயார். அன்றைக்குச் சாயங்காலமே ஏக்கருக்கு இரண்டிலும் தலா 4 பாக்கெட் (ஒரு பாக்கெட் 200 கிராம்) எடுத்து, மக்கிய தொழு உரத்தில் கலந்து வேரருகே இட்டு மறுபடி மூடுங்கள்.

மண்ணில் ஈரம் நிலைத்தால் பூ உதிர்வது குறையும். இலை சுருண்டிருந்தால் அது பெரும்பாலும் பூச்சி வேலை, அதற்கு உயிர் உரம் மருந்தல்ல.

வாங்கும்போது ஏமாறாதீர்கள். "மூன்றே நாளில் கரும்பச்சை" என்று சொல்லி விற்கும் திரவத்தைத் தொடவே வேண்டாம். பாக்டீரியா அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. அப்படிப் பச்சை கட்டினால் உள்ளே யூரியாவோ வளர்ச்சி ஊக்கியோ இருக்க வாய்ப்பு அதிகம். காலாவதி தேதி இல்லாத பாக்கெட், வெயிலில் அடுக்கி வைத்த பாக்கெட் எதையும் வாங்காதீர்கள். தேதி சரியாக இருந்தும் உள்ளே உயிர் இல்லாத பாக்கெட்டுகளைப் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் விவசாயி விரலால் தடவியா கண்டுபிடிக்க முடியும்? சோதிக்க வேண்டியவர்கள் சோதிக்க வேண்டும்.

அடுத்த பருவத்துக்கு விதையிலேயே உயிர் உரம் கலக்க நினைத்தால் ஒரு விதிவிலக்கு. கடை விதை சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் ஏறியிருந்தால் அதில் பூஞ்சணக்கொல்லி பூசியிருப்பார்கள், அது உயிர் உரத்தின் பாக்டீரியாவையும் கொல்லலாம். அந்த விதையில் கலக்காதீர்கள். கழுவிவிட்டும் கலக்காதீர்கள், பூச்சு முழுதாகப் போகாது. நாற்றைப் பிடுங்கி நடும்போது உயிர் உரம் கரைத்த தண்ணீரில் வேரை அரை மணி நேரம் நனைத்து நடுங்கள். சாயம் இல்லாத சொந்த விதைக்கு இந்தத் தடை இல்லை.

மூடாக்கு மக்க மக்க மெலியும். மண் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் மறுபடி பரப்புங்கள்.