அந்த ஒரு சொல்லை ஏன் மாற்றவில்லை?

கேள்வி: 'கண்ட்ரி' என்கிற அமெரிக்கக் கிராமிய இசையின் பாடகர் ஜானி கேஷ் 1970-இல் டிவியில் பாடிய 'சண்டே மார்னிங் கமிங் டவுன்' பாட்டைப் பல வருடம் கழித்து மறுபடி பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. ஆனால் 'கடவுளே, நான் போதையில் இருந்திருக்கக் கூடாதா' என்ற வரியில் 'போதையில்' என்பதை எடுத்துவிட்டு 'வீட்டில்' என்று பாடச் சொன்ன டிவிக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் இன்னும் உருக்கமாக இருக்கிறது. குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சியில் ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

பதில்: பாட்டே குறைந்துவிடும். மறுபடி பார்த்தீர்கள், சரி. மறுபடி கேட்டீர்களா?

அந்தப் பாட்டில் வருகிறவன் தலைவலியோடு எழுந்திருக்கிறான், காலைச் சாப்பாடே பீர்தான், இருக்கிற அழுக்குச் சட்டைகளில் சுமாரான ஒன்றைத் தேடி மாட்டிக்கொண்டு காலியான தெருவில் இறங்குகிறான். எங்கிருந்தோ கோழி பொரிக்கிற வாசம் வருகிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அது சும்மா ஒரு சமையல் வாசம் இல்லை, சர்ச் முடிந்து வந்து குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமையின் வாசம். எங்கோ தொலைத்துவிட்ட ஏதோ ஒன்று அவனுக்கு நினைவு வருகிறது. என்ன என்று சொல்வதில்லை. பூங்காவில் ஒரு அப்பா சிரிக்கிற மகளை ஊஞ்சலாட்டுவதைப் பார்க்கிறான், அப்போதும் வாய் திறப்பதில்லை. வீடு அந்தப் பாட்டு முழுக்க இருக்கிறது, அதற்காக ஏங்குகிறேன் என்று மட்டும் அவன் சொல்லமாட்டான். சொல்லத் தெம்பில்லாதவன்தான் போதையைக் கேட்கிறான். அதற்குக் காரணமும் அடுத்த வரியிலேயே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையில் ஏதோ ஒன்று மனிதனைத் தனியாளாக்கிவிடுகிறதாம். 'வீட்டில்' என்று போட்டால் எழுதினவர் அவ்வளவு பாடுபட்டு ஒளித்துவைத்ததை நீங்கள் எடுத்து நடுக்கூடத்தில் வைத்துவிடுகிறீர்கள்.

எழுதின கிறிஸ் கிறிஸ்டாஃபர்சன் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டி கேப்டன் ஆனவர். பாட்டு எழுதுவதற்காக அதையெல்லாம் விட்டுவிட்டு 1965-இல் கண்ட்ரி இசைக்குத் தலைநகரான நாஷ்வில்லுக்கு வந்து, கொலம்பியா ஸ்டுடியோவில் தரை கூட்டினார். ஜானி கேஷ் ரெக்கார்டிங் செய்த அதே ஸ்டுடியோ. இந்தப் பாட்டை கேஷுக்கு முன்பே, 1969-இல், ரே ஸ்டீவன்ஸ் பாடி வெளியிட்டிருந்தார். பெரிதாக எடுபடவில்லை.

அப்புறம்தான் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் கேஷ் நடத்திக்கொண்டிருந்த வாராந்திர நிகழ்ச்சி. பதிவு செய்த இடம் நாஷ்வில்லின் ரைமன் அரங்கம். அது 1892-இல் தேவாலயக் கூட்டங்களுக்காகக் கட்டியது, இன்றைக்கும் அங்கே உட்காருவது சர்ச் பெஞ்சில்தான். பாடுவதற்கு முன்னால் கேஷ் என்ன பேசுகிறார் என்று கவனித்தீர்களா? 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் பிழைப்புப் போய் ரயிலேறி ஊர் ஊராக அலைந்தவர்களைப் பற்றிச் சொல்கிறார், அப்படி அலைந்த எல்லோரும் விரும்பி அலையவில்லை என்கிறார். அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான் பாட்டே வருகிறது. பால்கனியில் கிறிஸ்டாஃபர்சன் உட்கார்ந்திருந்தார். அந்த வரி வந்ததும் கேஷ் தன்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டே எழுதினபடியே பாடினார் என்று அவர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு பாடலாசிரியனுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை வேறு யார் செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சி என்கிறீர்கள். போதையைப் பற்றி கேஷுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 60-களில் மாத்திரைப் பழக்கத்தில் விழுந்து, 1965-இல் டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில் கைதாகி, அந்தப் படம் பத்திரிகைகளில் வந்து நாறி, அதிலிருந்து எழுந்து வந்தவர் அவர், பக்திமானும்கூட. அந்த வரியில் கொண்டாட்டம் எதுவும் இல்லை என்று தெரிந்துதான் பாடினார். பாட்டின் முதல் வரியே தலைவலிதானே, அதைக் கேட்டு எந்தப் பிள்ளைக்குக் குடிக்க ஆசை வரும்? தன் பெயரில் நடக்கிற நிகழ்ச்சி, காசு போடுகிறவர்கள் கைவிட்டால் நாளைக்கே நின்றுபோகலாம். அதைப் பணயம் வைத்தாவது அடுத்தவர் எழுதின சொல்லைக் காப்பாற்றினாரே, அதற்குத்தான் அந்தப் பழைய பதிவை நாம் இன்னும் தேடிப் பார்க்கிறோம்.

அந்த மேடையில் பாடின பதிவே இசைத்தட்டாக வந்து அதே வருடம் கண்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. கண்ட்ரி மியூசிக் அசோசியேஷன் அதை 1970-இன் சிறந்த பாடலாகத் தேர்ந்தெடுத்தது. பிழைப்புக்காக வேறு வேலை பார்க்கிற அவசியம் இந்தப் பாட்டோடு தனக்கு முடிந்தது என்று கிறிஸ்டாஃபர்சன் சொல்லியிருக்கிறார்.

ஒன்று செய்யுங்கள். இன்னொரு முறை போட்டுக் கேளுங்கள். அந்த இடம் வரும்போது உங்கள் 'வீட்டில்' என்பதை மனசுக்குள் வைத்துப் பாடிப் பாருங்கள், அடுத்த வரியையும் சேர்த்து. அதற்குப் பிறகும் உங்கள் கட்சியிலேயே இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், நானும் மறுபடி பதில் எழுதுகிறேன்.