எங்கே நிற்கிறாய்?

கேள்வி: ரீச்சர், எனக்கு 29 வயது. கொள்ளுப்பிட்டியில் கணக்காய்வு நிறுவனமொன்றில் வேலை. போன வருடம் அப்பாவையும் அம்மாவையும் பருத்தித்துறையிலிருந்து வெள்ளவத்தை பிளாட்டுக்குக் கூட்டிவந்தேன். ஆறு மணி தாண்டினால் அப்பாவின் கோல் வந்துவிடும்: “எங்கே நிற்கிறாய்?” மீட்டிங்கில் இருந்தாலும் விடமாட்டார். போன கிழமை வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, “நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்று கத்திவிட்டேன். ஐந்து நாளாக நாங்கள் கதைப்பதில்லை. அம்மாதான் நடுவில் தூது. கோபத்தை எப்படி அடக்குவது?

பதில்: தம்பி, அடக்கச் சொல்லமாட்டேன். முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டாலும் உள்ளே கொதிப்பது கொதித்துக்கொண்டுதான் இருக்கும். அந்தக் கோல் வந்தபோது உங்களுக்குள் வந்தது கோபம்தானா என்று முதலில் பாருங்கள்.

உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதைத்தான் மெய்ப்பாடு என்பார்கள். தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாகச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. வெகுளிதான் கோபம். ஆனால் சக ஊழியர்கள் முன்னால் போன் அதிரும்போது உங்களுக்கு வந்தது இளிவரல் என்றே நினைக்கிறேன். சிறுமைப்பட்டுவிட்டோமே என்று மனம் குன்றுவது. வீட்டு வாசலுக்கு வரும்போது அது வெகுளியாகிவிட்டது. இளிவரல் பிறக்க நான்கு காரணம் சொல்கிறார் தொல்காப்பியர்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. முதல் சொல்லிலேயே உங்கள் அப்பா நிற்கிறார், பாருங்கள்.

ஊரில் கிணறு, வேலி, கோயில் என்று அவருடைய நாள் நிறைந்திருக்கும். இங்கே லிப்ட் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி இருக்கிறார். அதோடு அவருக்குள் அச்சமும் இருக்கிறது. 2009 வரை கொழும்பில் சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில், பிள்ளை வீடு திரும்பும்வரை எங்கள் வீடுகளில் யாரும் கண் மூடியதில்லை. சாவடிகள் போய்விட்டன. ஆறு மணிக்குப் பதறும் உடம்பு அப்படியேதான் இருக்கிறது.

என் அப்பாவும் இப்படித்தான் பல்கனியில் நிற்பார். பஸ்தரிப்பில் இருப்பவர்கள் எல்லோரும் பார்க்க அங்கே நிற்கிறாரே என்று நானும் ஒருநாள் ஏசிவிட்டேன். அதன்பின் பதினொரு நாள் கதைக்கவில்லை. அந்தப் பதினொரு இரவும் என் சாப்பாட்டை இன்னொரு கோப்பையால் மூடி வைத்துவிட்டுத்தான் படுத்தார். நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. சாப்பிட்டேன், அவ்வளவுதான். அவர் போய் இத்தனை வருடமாகியும் அந்த மூடிய கோப்பை கண்ணில் நிற்கிறது.

சரி, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். கொதிப்போடு பஸ்ஸால் இறங்கினால் நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். மரைன் டிரைவில் நடந்துவிட்டுப் போங்கள். கொதித்த உடம்பு அடங்க 20 நிமிடமாவது வேண்டும் என்று தம்பதிகளின் சண்டைகளை ஆராய்ந்த ஜோன் கொட்மன் சொல்கிறார். நடக்கும்போது உள்ளே இருப்பதற்குப் பெயர் வையுங்கள்: வெட்கமா, களைப்பா, பயமா? உணர்ச்சிக்குச் சொல்லால் பெயர் கொடுத்தபோது மூளையில் அபாயமணி அடிக்கும் அமிக்டலாவின் வேகம் குறைந்ததை உளவியலாளர் மத்தியூ லீபர்மனும் அவருடைய குழுவினரும் 2007இல் காட்டினார்கள்.

அப்புறம் அம்மாவின் தூதை நிறுத்துங்கள். இன்றிரவே இரண்டு பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு போய் அப்பாவின் பக்கத்தில் இருங்கள். “கத்தினது பிழை அப்பா. ஒபிசில எல்லாரும் பார்க்க எனக்கு வெட்கமாப் போச்சு” என்று சொல்லுங்கள். அவர் உடனே பதில் சொல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை, தேநீர் முடியும்வரை எழும்பாதீர்கள். கிழமைக்கணக்காக நித்திரையும் சாப்பாடும் குறைந்து அவர் ஒதுங்கியே இருந்தால் மட்டும் விடாதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைத்துக் கேளுங்கள்.

நாளை ஐந்தே முக்காலுக்கு, அவர் போனைக் கையில் எடுக்க முன்னமே நீங்கள் எடுங்கள். “அப்பா, இன்னும் கொள்ளுப்பிட்டியிலதான் நிக்கிறன். ஏழு மணியாகும். வரேக்க என்ன வாங்கிக்கொண்டு வர?”